ஏழாங்கட்டை முனியாண்டி இடம் மாறினார்

எனக்குக் கோபம் வரும் என்பது ஏழாங்கட்டைத் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் குறை சொல்லக்கூடாது. பெயர் சண்முகவள்ளி. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் கேண்டீன் நடத்துகிறேன். இது நடந்த சமயம் பிள்ளைகள் ஆறு பேர், ஆசிரியர்கள் ஏழு பேர். தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் பதினைந்து பொட்டலம் கட்டினால் இரண்டு மிஞ்சும். அதை என் வீட்டுக்காரர் வசந்தன் சாப்பிடுவார்.

எனக்கு இன்னொரு குணமும் உண்டு. ஒரு சொல் சொன்னால் சொன்னதுதான். இருபது வருடமாக ஒரே சோப்பு, ஒரே மளிகைக் கடை, ஓட்டுப் போடுவதும் ஒரே சின்னத்துக்கு. அப்போது என் சின்ன மாமியாரோடு பதினோரு வருடமாகப் பேச்சில்லை, எதற்காக என்பது மறந்துவிட்டது, ஆனாலும் பேசவில்லை. அதனால்தான் மனோகரன் மாதிரி ஆளைக் கண்டால் எனக்கு ஆகாது.

மனோகரன் நகராண்மைக் கழக உறுப்பினர். குடைக் கட்சியில் ஆரம்பித்தார், மணிக் கட்சிக்குப் போனார், இது நடந்தபோது ஏணிக் கட்சி. நீலச் சட்டை, பச்சைச் சட்டை, ஆரஞ்சுச் சட்டை. கட்சி தாவுகிறவரை இந்த நாட்டில் காத்தாக் என்பார்கள், மலாய் மொழியில் தவளை. பக்கத்து ஊர் புக்கிட் செலம்பாவ் கோப்பிக் கடைகளில் காத்தாக் மனோகரன் என்றால்தான் ஆள் யார் என்று புரியும். அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். கூப்பிட்டவருக்குக் கையாட்டிவிட்டுப் போவார்.

ஆனால் பத்து வருடத்துக்கு முன்பு அவரை வாய் நிறைய அண்ணே என்று கூப்பிட்டவள் நான். அப்போது பள்ளியில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். அந்த நிலத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனை நடவேண்டும், பிள்ளைகளை நாலு ஊர்ப் பள்ளிகளுக்குப் பிரித்து அனுப்பிவிடலாம் என்றது தோட்ட நிர்வாகம். மனோகரன் பள்ளி வாசலில் நின்று, "இந்தப் பள்ளி ஒரு அடி நகராது. நகத்தணும்னா என் மேல ஏறிப் போகட்டும்" என்றார். சொன்னபடியே வாசலில் படுத்தார். பக்கத்தில் நானும் பாய் விரித்துப் படுத்தேன். மூன்று நாள் படுத்தோம். நாலாம் நாள் மண் தோண்டும் மிஷின் வருகிறது என்று தகவல் வந்தது.

அன்று விடியற்காலையில் அவர் என் வீட்டுப் பின்கதவைத் தட்டினார்.

"தங்கச்சி, ஒரு கல்லு வேணும். நீட்டமா, உருண்டையா."

"எதுக்குண்ணே?"

"மனுசன் படுத்தா போலீஸ் தூக்கிருவான். சாமி நின்னா யாரு தூக்குவா?"

ஆற்றுக்குப் போய்க் கல் தேட நேரமில்லை. வீட்டில் மிக்சி வந்தபிறகு அம்மி சும்மாதான் கிடந்தது. அம்மிக்குழவியை எடுத்துக் கொடுத்தேன். அப்போதெல்லாம் அந்தக் குழவிக்கு ஒரே வேலைதான். கோபம் வந்தால் அதை வசந்தன் கால் பக்கம் உருட்டிவிடுவேன். ஒரு தடவை படியில் விழுந்து ஒரு முனை மூளியாகிப் போயிருந்தது.

அந்த மூளி முனையை மண்ணுக்குள் புதைத்து, மேலே மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, வேலிக் கம்பியை வளைத்துச் செய்த சூலத்தைப் பக்கத்தில் நட்டு, எலுமிச்சம்பழம் குத்தி, ஒரு சுருட்டும் பற்றவைத்தார் மனோகரன். எல்லாம் பள்ளி வாசலில் இருந்த ரம்புத்தான் மரத்தடியில். கல் முனியாண்டி ஆகிவிட்டது. எட்டு மணிக்கு மிஷின் வந்தது. ஓட்டி வந்தவன் கரங்கான் ஊர்க்காரன் லோகன். தூரத்திலேயே சூலத்தைப் பார்த்தான். மிஷினை நிறுத்தினான், இறங்கினான், செருப்பைக் கழற்றினான், கன்னத்தில் போட்டுக்கொண்டான். பிறகு ஏறி உட்கார்ந்து வந்த வழியே திரும்பிப் போய்விட்டான். அடுத்தடுத்து வந்த இரண்டு பேரும் அப்படியே செய்தார்கள். நிர்வாகம் சலித்துப்போய் விட்டுவிட்டது.

இந்த உண்மை மூன்று பேருக்குத்தான் தெரியும், மனோகரனுக்கு, எனக்கு, வசந்தனுக்கு. "முனியாண்டி பள்ளிக்கூடத்தக் காப்பாத்துனாரோ இல்லியோ, என் காலக் காப்பாத்திட்டாரு" என்று வசந்தன் மட்டும் அவ்வப்போது சொல்லிக்கொள்வார்.

அன்று மாலையே பூசாரி அம்மாசி வந்து சூடம் காட்டினார். மறு வருடம் தகரக் கூரை வந்தது, அதற்கடுத்த வருடம் தரைக்கு ஓடு பதித்தார்கள். பாடாங் மேஹாவிலிருந்தெல்லாம் வேண்டுதலோடு ஆட்கள் வந்தார்கள். பிள்ளை இல்லாமல் இருந்த லோகனும் வந்து வேண்டிக்கொண்டான், ஒரு பையன் பிறந்தான். அன்றிலிருந்து வருடத்துக்கு ஒரு கிடா வெட்டுகிறான். இப்போது முனியாண்டி கோயில் தலைவரே அவன்தான். நானும் கும்பிட்டேன். என் வீட்டுக் குழவி என்று தெரிந்தே கும்பிட்டேன். மகள் ரூபினிக்குக் காய்ச்சல் வந்தால் முதலில் அங்கேதான் ஓடுவேன். இதை எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியாது, விளக்கப் போவதும் இல்லை.

கதை இப்போதுதான் ஆரம்பம். ஒரு திங்கட்கிழமை, இடைவேளை முடிந்து சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். ஆரஞ்சுச் சட்டையோடு மனோகரன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"பசியாறியாச்சா வள்ளி?"

"எனக்கு ஆச்சு. ஒங்களுக்கு இன்னிக்கு எந்தக் கட்சியில பசியாறல்?"

சிரித்துக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்தார். பால் சேர்க்காத கோப்பி ஓ கலக்கி வைத்தேன், சீனி போடாமல். வேண்டுமென்றேதான். அவர் முகம் சுளிக்காமல் ஒரு வாய் குடித்துவிட்டு, "பள்ளிக்கூடத்த தாமானுக்கு மாத்தணும்" என்றார். தாமான் என்றால் வீடமைப்புப் பகுதி.

கையிலிருந்த சட்டுவத்தை அவர் பக்கம் நீட்டினேன். "என்னா சொன்னீங்க?"

"புக்கிட் செலம்பாவ் பக்கத்துல, புதுத் தாமான்ல ரெண்டு ஏக்கர் ஒதுக்க வச்சிருக்கேன். கட்டடம் வர்ற வரைக்கும் கேபின் போட்டுக் குடுப்பாங்க. இந்த மாசக் கடைசிக்குள்ள பெத்தவங்க சம்மதக் கையெழுத்துக் குடுக்கணும். குடுக்கலேன்னா நெலம் வேற வேலைக்குப் போயிரும்."

"ஒரு அடி நகராதுன்னு சொன்னது யாரு? பக்கத்துல பாய் போட்டுப் படுத்தது யாரு? மூணு நாளு லா. கொசு கடிச்ச தடம் இன்னும் இருக்கு, பாக்கறீங்களா?"

"அப்ப முப்பத்தெட்டுப் பிள்ளைங்க இங்க இருந்தாங்க. இப்ப அந்தக் குடும்பமெல்லாம் தாமான்ல இருக்கு. இங்க ஆறு பேரு. அடுத்த வருசம் ரெண்டு பேரு ஆறாம் ஆண்டு முடிச்சிப் போயிருவாங்க, புதுசா ஒருத்தரும் வரல. நாலு பேர வச்சிக்கிட்டு எத்தன வருசம் தொறந்து வைப்பான்? பள்ளி செத்துப் போகக்கூடாதுன்னுதான் அன்னிக்கிப் படுத்தேன். இப்ப மாத்தணும்னு சொல்றதும் அதுக்குத்தான்."

"நல்லாத்தான் இருக்கு ஞாயம். கட்சி மாத்துறப்பவும் இப்பிடி ஒண்ணு கைவசம் வச்சிருப்பீங்க."

"ஏன், இருக்கே. குடைக் கட்சி இந்தப் பள்ளிக்குக் கூரை மாத்தித் தரேன்னு சொல்லிச்சி, தரல, வந்துட்டேன். மணிக் கட்சி கூரை போட்டுச்சி, பஸ் விடறேன்னு ஏமாத்திருச்சி, வந்துட்டேன். ஏணி நெலம் குடுத்திருக்கு. நாளைக்கி அதுவும் ஏமாத்துனா..."

"தாவுவீங்க."

"தாவுவேன்" என்றார், வெட்கமே இல்லாமல்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரணம் சொல்லாமல் எந்தக் கட்சிக்காரன் தாவியிருக்கிறான்? ஆளுக்கொரு காரணம் சட்டைப் பையில் வைத்திருப்பார்கள். அவரை மடக்க என்னிடம் ஒரு கேள்வி இருந்தது. குனிந்து மெதுவாகக் கேட்டேன். "சரி, முனியாண்டிய என்னா பண்ணுவீங்க?"

அவர் கோப்பியை முழுதும் குடிக்காமலே மோட்டாரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு ஒரு வாரத்துக்குத் தாங்கும் சந்தோஷம்.

நான் நினைத்தபடியே ஆயிற்று. செவ்வாய்க்கிழமைக்குள் லோகன் தோட்டம், தாமான் இரண்டையும் கலக்கிவிட்டான். முனியாண்டி தானாக வந்து உட்கார்ந்த இடம், அவரைத் தனியாக விட்டுவிட்டுப் பள்ளி போகக்கூடாது, அவரைத் தொட்டு எடுக்கவும் கூடாது, எடுத்தவன் கை விளங்காது என்று வீடு வீடாகச் சொன்னான். பெற்றவர்கள் பயந்துவிட்டார்கள். ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. என்னிடம் கேட்டவர்களிடம், "ஆமாம்க்கா, சாமி விசயம், நாம என்னா சொல்றது" என்றேன் நானும். என் வீட்டுக் குழவிக்கு நானே பயந்தவள் போல் நடித்தேன். அந்த வாரம் மட்டும் முனியாண்டிக்கு இரண்டு சுருட்டு கூடுதலாக வைத்தேன்.

எங்கள் கெடா மாநிலத்தில் பள்ளிகளுக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை, அன்றைக்கே கூட்டம் என்று முடிவாயிற்று. புதன்கிழமை மனோகரன் மறுபடி கேண்டீனுக்கு வந்தார், கூடவே சசிதரன். கட்சியின் இளைஞர் பிரிவுப் பையன், கைப்பேசியைக் கையிலிருந்து இறக்கவே மாட்டான். நான் கேட்கிறேன் என்பதைப் பற்றிக் கவலைப்படாமல் பேசினான்.

"அண்ணே, ரொம்ப ஈசி லா. அம்மாசி தாத்தாவுக்கு ஒரு வேட்டி, ஒரு போத்தல். கூட்டத்துல அவரு மேல சாமி வரட்டும். நான் தாமானுக்குப் போறேன், என்னையக் கூட்டிட்டுப் போங்கன்னு முனியாண்டியே சொல்லட்டும். அஞ்சு நிமிசத்துல எல்லாரும் கையெழுத்துப் போட்டுருவாங்க."

நல்ல யோசனைதான். நடந்துவிடும் என்று எனக்கே தோன்றியது.

மனோகரன் தலையாட்டினார், மாட்டேன் என்று. "ஒரு தடவ சாமி பேருல பொய் சொல்லி வச்சேன். இன்னொரு பொய் சொல்லி எடுக்க மாட்டேன்."

"அப்ப என்னா பண்ணுவீங்க?"

"உள்ளதச் சொல்லுவேன். நான்தான் வச்சேன்னு."

சசிதரன் கைப்பேசியையே மறந்துவிட்டான். "அண்ணே, பைத்தியமா? சாமிய ஏமாத்தி வச்சவன்னு ஊரெல்லாம் பேசும். கட்சி தூக்கிரும். கவுன்சிலர் பதவி போயிரும். கட்சி மாறி மாறி வந்த ஆளு நீங்க, ஒரு பொய்யி கூடச் சொல்ல மாட்டீங்களா?"

"கட்சி மாறுறது வேற" என்றார் மனோகரன். அதற்கு மேல் விளக்கவில்லை. சசிதரன் கோபித்துக்கொண்டு வெளியே போனதும் என் பக்கம் திரும்பினார். "பயப்படாத வள்ளி. ஒன் பேர எடுக்க மாட்டேன். எங்கயோ கெடந்த கல்லுன்னு சொல்லிருவேன்."

அன்று அவருக்குக் கோப்பி கொடுத்தேனா இல்லையா என்று ஞாபகமில்லை. ஒரு கணக்கு மட்டும் தலைக்குள் ஓடியது. இந்த ஆள் எழுந்து சொன்னால் யார் நம்புவார்கள்? காத்தாக் பேச்சு. கட்சிக்காக இப்போது சாமியையே கல் என்கிறான் என்பார்கள். சாட்சி நான் ஒருத்திதான். நான் வாயைத் திறக்காவிட்டால் பள்ளி நகராது, கேண்டீன் நகராது, நான் சொன்ன சொல்லும் நகராது. சும்மா உட்கார்ந்திருந்தாலே ஜெயித்துவிடலாம்.

மறுநாள் வியாழக்கிழமை பள்ளி விளையாட்டுப் போட்டி. ஆறு பிள்ளைகளுக்கு மூன்று நிற அணிகள், வீடு என்போம், வீட்டுக்கு இரண்டு பேர். ஏழு ஆசிரியர்களும் விசில் ஊதினார்கள். நாலாம் ஆண்டில் என் ரூபினி ஒருத்திதான், மற்றவர்கள் பெரிய பையன்களும் பொடிசுகளும். அதனால் நூறு மீட்டர் ஓட்டத்தில் அவள் தனியாக ஓடுவாள். மூன்று வருடமாக அவள்தான் முதல். வீட்டு அலமாரியில் மூன்று கப்பு வரிசையாக நிற்கிறது. வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டி நான் பெருமை பேசியதும் உண்டு, எத்தனை பேர் ஓடினார்கள் என்பதை மட்டும் சொல்லமாட்டேன்.

அன்றும் விசில் ஊதியதும் ஓடினாள். பாதி தூரத்தில் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. பிறகு நடந்தே வந்து கயிற்றைத் தொட்டாள். எல்லாரும் கைதட்டினோம். நாலாவது கப்பை வாங்கிக்கொண்டு கேண்டீனுக்கு வந்து மேசைமேல் வைத்தாள்.

"அம்மா, நான் யார ஜெயிச்சேன்?"

அடுப்பில் எண்ணெய் காய்கிறது என்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணீர் எண்ணெயில் விழுந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பள்ளி மண்டபம் நிறைந்துவிட்டது. தாமானிலிருந்து மட்டும் முப்பது மோட்டார் வந்திருக்கும். முன்வரிசையில் லோகன், நெற்றி நிறைய விபூதி. அவனுக்குப் பக்கத்தில் அம்மாசி. பெண்கள் பக்கம் என் அருகே செல்லாயி அக்கா, அந்தக் காலத்தில் கல்யாண வீட்டுச் சமையலுக்கெல்லாம் தலைமை அவர்தான். மனோகரன் எழுந்தார். மைக் வேண்டாம் என்றார்.

"ரம்புத்தான் மரத்தடியில இருக்கற கல்ல வச்சது நான்தான். முனியாண்டி தானா வரல. மிஷின நிறுத்தறதுக்கு நான் போட்ட நாடகம் அது. சாமி பேருல பொய் சொன்னேன், தப்புதான், மன்னிச்சிருங்க. அந்தப் பொய்யி இன்னிக்கி நம்ம பள்ளிக்கூடத்துக்கே எமனா வந்து நிக்கிது. அதான் சொல்லிட்டேன்."

லோகன் எழுந்தான்.

"பொய்யி. இப்பச் சொல்றதுதான் பொய்யி. மூணு கட்சி மாறுன காத்தாக்கு. இன்னிக்கி ஏணிக்காக முனியாண்டியக் கல்லுங்கறான். நாளைக்கி யாருக்காக என்னாத்தச் சொல்லுவான்? சாட்சி இருக்கா?"

"சாட்சி இல்ல" என்றார் மனோகரன்.

என் பக்கம் அவர் பார்க்கவே இல்லை. ஒரு தடவை பார்த்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும், வீம்புக்கு உட்கார்ந்திருப்பேன். பதவி போகும் என்று தெரிந்தும் பொய்க்காரன் என்ற பேச்சை வாங்கிக்கொண்டு சும்மா நின்றார். கதவோரம் ரூபினி தனியாக நின்று ஐந்து கல் விளையாடிக்கொண்டிருந்தாள். ஆட்டத்தில் இன்னொருத்தியின் முறையையும் அவளே ஆடினாள்.

எழுந்தேன்.

"சாட்சி இருக்கு. அது என் வீட்டு அம்மிக்குழவி. நான்தான் தூக்கிக் குடுத்தேன். நம்பலேன்னா தோண்டிப் பாருங்க, கீழ் முனை மூளியா இருக்கும். வசந்தன் மேல வந்த கோவத்துல உருட்டி விட்டேன், படியில விழுந்து ஒடஞ்சிருச்சி. பத்து வருசமா நானும் சொல்லல. பள்ளி மாறக்கூடாதுன்னு பிடிவாதம் பண்ணுனேன். இப்பச் சொல்றேன், மாறணும். நானும் மாறிட்டேன். காத்தாக்குன்னு கூப்புடணும்னா என்னையும் கூப்புடுங்க."

பிறகுதான் அது நடந்தது. செல்லாயி அக்கா சிரிக்க ஆரம்பித்தார். சின்னச் சிரிப்பு இல்லை, உடம்பு குலுங்கிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் சிரிப்பு.

"இதச் சொல்றதுக்காடி பத்து வருசம்? அந்தக் குழவியத் தெரியாதா எங்களுக்கு? எத்தன கல்யாணத்துக்கு ஒங்கிட்ட எரவல் வாங்கி மசாலா அரைச்சிருக்கேன். இடது பக்கம் மட்டும் தேஞ்சிருக்கும், நீதான் இடது கைக்காரியாச்சே. மொத நாள் மஞ்ச பூசி நிக்கறப்பவே பாத்துட்டேன், அட, நம்ம வள்ளி வீட்டுக் குழவின்னு."

"நானும் பாத்தேன்" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. "நானும்தான்" என்றாள் இன்னொருத்தி. பெண்கள் பக்கம் முழுதும் சிரிப்பு பரவியது. அம்மாசி தொண்டையைச் செருமினார். "மொத நாளு சாயங்காலமே நான் கழுவி விட்டேன். மொளகா காரம் கையி எரிஞ்சிருச்சி."

ஊருக்கே தெரிந்திருக்கிறது. பத்து வருடமாக மூன்று பேர் கட்டிக் காத்த ரகசியம். நான் அசடு வழிய நின்றேன். தெரியாமல் இருந்த ஒரே ஆள் லோகன்தான். அவன் வெளுத்துப் போய்விட்டான்.

"அப்ப... நான் பயந்து மிஷினத் திருப்புனது அம்மிக்குழவிக்கா? நான் வெட்டுன கிடாவெல்லாம்?"

"அதத் தின்னது நாமதான?" என்றார் அம்மாசி. "தெரிஞ்சிக்கிட்டே நானும் பூச பண்ணேன், இவளுகளும் கும்புட்டாளுக. ஏன் கும்புட்டோம்? நட்டது யாரா இருந்தா என்ன, மிஷினு திரும்பிப் போச்சில்ல? ஒனக்குப் பிள்ள பொறந்துச்சில்ல?"

லோகன் உட்கார்ந்தான். மடியில் வந்து ஏறிய தன் பையனைப் பார்த்தான், கொஞ்சநேரம் அவன் தலையைத் தடவிக்கொண்டிருந்தான். "ஆமா லா" என்றான் கடைசியில். "யாரு வீட்டுக் கல்லா இருந்தா எனக்கு என்ன. இவனக் குடுத்தது அவருதான்."

"அவரு பள்ளிக்கூடத்துக்குக் காவலா வந்தவரு" என்றார் அம்மாசி. "பள்ளி போற எடத்துக்கு அவரும் வருவாரு. ஆனா முறை இருக்கு. வச்சவன்தான் எடுக்கணும். செருப்பில்லாம, நடந்து போகணும்."

"நடக்கறேன்" என்றார் மனோகரன்.

அங்கேயே கையெழுத்து வாங்கினார்கள். முதல் கையெழுத்து லோகனுடையது, இரண்டாவது என்னுடையது. சசிதரன் எல்லாவற்றையும் படம் பிடித்துவிட்டு எப்போதோ கிளம்பியிருந்தான். மத்தியானத்துக்குள் மனோகரன் பேசியது மட்டும் கெடா முழுதும் சுற்றியது, நாங்கள் சிரித்தது சுற்றவில்லை. திங்கட்கிழமை கட்சிக் கடிதம் வந்தது, சமய உணர்வைப் புண்படுத்தியதற்காக நீக்கம். மாதக் கடைசியில் கவுன்சிலர் பதவியும் போயிற்று. அவர் அந்தக் கடிதத்தைக் கேண்டீனுக்கே எடுத்து வந்து வாசித்துக் காட்டினார். நான் கோப்பியில் சீனி போட்டேன். இரண்டு கரண்டி.

பள்ளி விடுமுறையில் முனியாண்டி புறப்பட்டார். மனோகரன் வெறுங்காலோடு, சட்டையில்லாமல், வேட்டி மட்டும் கட்டி வந்தார். அம்மாசி சூடம் காட்டியதும் மண்ணைத் தோண்டிக் கல்லை எடுத்தார். மூளி முனை வெளியே வந்ததும் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். வசந்தன் முதல் ஆளாக விழுந்து கும்பிட்டு, "எங்க வேணும்னாலும் போங்க சாமி, திரும்ப வீட்டுக்கு மட்டும் வந்துறாதீங்க" என்றார்.

கல்லை மஞ்சள் துணியில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு மனோகரன் நடந்தார். முன்னால் லோகனின் மண் தோண்டும் மிஷின், வேப்பிலையும் வாழைக்கன்றும் கட்டிக்கொண்டு ஆள் நடக்கும் வேகத்தில் போயிற்று. அன்று பள்ளியை இடிக்க வந்த அதே லோகன் ஒவ்வொரு முனையிலும் ஹார்ன் அடித்து வழி வாங்கினான். உறுமி மேளக்காரர்கள் போட்ட போட்டில் செம்பனைக் காடே அதிர்ந்தது. பிள்ளைகள் பள்ளி மணியையும் பெயர்ப்பலகையையும் தூக்கி வந்தார்கள். செல்லாயி அக்கா நடுரோட்டில் ஆடினார், வாகனங்கள் நின்று பார்த்துவிட்டுப் போயின.

மூன்று கட்டை, அதாவது மூன்று மைல் தூரம். பாதியில் மனோகரனுக்குத் தோள் சிவந்துவிட்டது. என் துண்டை மடித்துக் கல்லுக்குக் கீழே வைத்தேன்.

"வலிக்குதாண்ணே?"

அவர் நின்று திரும்பிப் பார்த்தார். அந்த வார்த்தையை என் வாயிலிருந்து கேட்டு எத்தனை வருடம். "ஒன் குழவி பயங்கர கனம் தங்கச்சி" என்றார். "வசந்தன் பாவம்."

புதுப் பள்ளி கேபின்களில் ஆரம்பித்தது. நாற்பத்தேழு பிள்ளைகள். வாசலில் முனியாண்டி, இந்தத் தடவை ஊரறிய. கேண்டீனும் எனக்கே கிடைத்தது, இப்போது ஐம்பது பொட்டலம் கட்டினாலும் வசந்தனுக்கு மிஞ்சுவதில்லை. என் சின்ன மாமியார் தாமானில்தான் இருக்கிறார். போன வாரம் அவரோடும் பேசிவிட்டேன். ஒரு தடவை மாறிப் பழகிவிட்டால் அவ்வளவு சிரமமாக இல்லை.

இந்த வருட விளையாட்டுப் போட்டிக்கு மனோகரன் வந்திருந்தார். மறுபடி ஏதோ ஒரு கட்சியில் சேர்ந்திருக்கிறார், புதுக் கட்டடத்துக்கு அங்கே ஏதோ வழி தெரிகிறதாம். முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் நானும் அவரும் நின்றோம். ஐந்தாம் ஆண்டுப் பெண்கள் ஏழு பேர் வரிசையில் நின்றார்கள். விசில் ஊதியது. ரூபினி பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை, அதற்கு நேரமும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினாள். கயிற்றைத் தாண்டியும் நிற்க முடியாமல் என்மேல் வந்து மோதினாள். முகமெல்லாம் வியர்வை, வாயெல்லாம் சிரிப்பு.

"அம்மா, நாலு பேரு என்னய முந்திட்டாங்க. ரெண்டு பேர நான் முந்திட்டேன்."

கேண்டீனுக்கு ஓடிப்போய் ரவையை வறுத்தேன். நாலு கப்புக்குச் செய்யாத கேசரியை ஐந்தாம் இடத்துக்குச் செய்தேன், முந்திரி அள்ளிப் போட்டு. முதல் தட்டை மனோகரன் அண்ணனுக்குக் கொடுத்தேன். அவர் அன்று என்ன நிறச் சட்டை போட்டிருந்தார் என்று இப்போது நீங்கள் கேட்டால் எனக்கு நினைவில்லை.